ஆன்லைன் கடைகளும் சரக்கின் யோக்கியதையும்



இன்றையக் கூட்டத்தில் ஆன்லைன் கடைகளில் சாமான் வாங்குவதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். நோட்டீசைப் பார்த்தவுடன் சில தோழர்கள், "கடைச் சமாச்சாரம் பேசுவதற்கா இவ்வளவு பேரைக் கூட்டுகிறீர்கள்?" என்று கேட்டதாகத் தெரிய வருகிறது. நம்முடைய அபிப்பிராயம் என்னவென்றால், ஒரு மனிதன் தன் அறிவைக் கொண்டு ஒன்றை ஏற்கிறானா, அல்லது எவனோ எழுதி வைத்ததைக் கொண்டு ஏற்கிறானா என்பதைக் கோயில் வாசலில் மாத்திரம் பார்த்தால் போதாது. கடை வாசலிலும் பார்க்க வேண்டும் என்பதேயாகும். சாஸ்திரத்தை எடுத்தால் வரிக்கு வரி கேள்வி கேட்கிற தோழர்களே, செல்போனில் 'பட்டுப் புடவை 599 ரூபாய்' என்று எழுதியிருந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் பணம் கட்டிவிடுகிறார்கள்.

சந்தையில் நாம் எப்படி வாங்குகிறோம்? அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிறோம். துணியைக் கசக்கிப் பார்க்கிறோம். சந்தையிலும் மோசம் உண்டு. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைக்கிறவன் அங்கேயும் இருந்தான். ஆனால் அவன் முகம் நமக்குத் தெரியும். அடுத்த வாரம் அதே மரத்தடியில் அவனைப் பிடிக்கலாம். ஆன்லைன் கடையிலோ நம் கைக்கு எட்டுவது என்ன? ஒரு படம், நாலு வரி எழுத்து, ஒரு விலை, சில நட்சத்திரங்கள். இதில் முதல் மூன்றும் விற்கிறவனே போட்டுக் கொண்டவை. நான்காவதான நட்சத்திரத்தின் யோக்கியதையைப் பின்னால் சொல்லுகிறோம். ஆகவே, பணம் கட்டும்போது நாம் வாங்குவது சாமானை அல்ல, சாமானைப் பற்றி அவன் எழுதிய எழுத்தைத்தான். எழுத்தைப் படிக்கத் தெரியாதவன் இந்தச் சந்தையில் கண்ணில்லாதவனுக்குச் சமம்.

முதலில் புடவைச் சங்கதியையே எடுத்துக் கொள்வோம். தலைப்பில் 'காஞ்சிபுரம் லிச்சி சில்க் பட்டுப் புடவை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 3,999 ரூபாய் என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 599 என்றிருக்கும். படத்தில் ஒரு பெண் நகையும் பூவுமாய் நிற்பாள். விரலால் பக்கத்தைத் தள்ளிக் கொண்டே கீழே போனால், பொடி எழுத்தில் 'துணியின் வகை' என்று ஒரு வரி இருக்கும். அங்கே 'ஆர்ட் சில்க்' என்றோ, 'சில்க் பிளெண்ட்' என்றோ, வெறும் 'லிச்சி சில்க்' என்றோ போட்டிருக்கும். நம் தாய்மார்களில் பலர் 'ஆர்ட்' என்றால் கலை, கலை வேலைப்பாடு செய்த பட்டு போலும் என்று எண்ணிக் கொள்ளுகிறார்கள். அது 'ஆர்ட்டிஃபிஷியல்' என்ற சொல்லின் முதல் துண்டு. செயற்கை என்று அர்த்தம். லிச்சி என்பதோ ஒரு பழம். அந்தப் பழத்திலிருந்து எந்தப் பூச்சியும் பட்டு நூற்றதாக நமக்குத் தெரியாது. இந்த விலைக்கு வருகிற சரக்கு பெரும்பாலும் பாலியெஸ்டர் நூல்.

இதில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நாளைக்குக் கோர்ட்டுக்கு இழுத்தால், "நான்தான் ஆர்ட் சில்க் என்று எழுதியிருக்கிறேனே" என்பான். தலைப்பு நம் ஆசைக்காக எழுதப்பட்டது. கீழ்வரி அவன் தப்பித்துக் கொள்வதற்காக எழுதப்பட்டது. ஆதலால் எந்தச் சரக்கானாலும் தலைப்பை விட்டுவிட்டுக் கீழ்வரியை முதலில் படியுங்கள்.

வீட்டுக்கு வந்த புடவையின் யோக்கியதையை அறிய ஒரு பண்டிதரும் வேண்டியதில்லை. முந்தானை ஓரத்தில் இரண்டு நூலை உருவி நெருப்பில் காட்டினால், பட்டாயிருந்தால் மயிர் கருகிய நாற்றம் அடிக்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டராயிருந்தால் உருகி, ஆறினபின் கெட்டி மணியாக நிற்கும். வாங்குவதற்கு முன்பே அறிய வேண்டுமானால் மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' சீட்டு உண்டா என்று பார்க்க வேண்டும்.

599 ரூபாய் போனதோடு இந்த மோசம் தீர்ந்துவிடவில்லை. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் திருபுவனத்திலும் தறிக்குழியில் பல நாள் உட்கார்ந்து ஒரு புடவை நெய்து முடிக்கிற தொழிலாளி தன் கூலியைக் கேட்டால், "செல்போனில் 600 ரூபாய்க்குக் காஞ்சிப் பட்டு கிடைக்கிறதே, உனக்கேன் இவ்வளவு?" என்று கேட்க ஆள் வந்துவிட்டார்கள். பொய்ச் சரக்கு ஏமாந்தவன் வீட்டோடு நிற்காமல், நாணயமாய் உழைக்கிறவன் அடுப்பு வரைக்கும் போகிறது. இதைத்தான் நாம் பெரிய கெடுதி என்று கருதுகிறோம்.

இனி நட்சத்திரத்திற்கு வருவோம். "5,000 பேர் நல்லது என்று எழுதியிருக்கிறார்களே, அத்தனை பேருமா பொய் சொல்லுவார்கள்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட, அவர்கள் எதைச் சோதித்துச் சொன்னார்கள் என்பதல்லவா முக்கியம்?

'2 டி.பி. பென்டிரைவ் 399 ரூபாய்' என்று விற்கிறார்களே, அதன் உள்ளே இருப்பது என்ன? 16 ஜி.பி. அல்லது 32 ஜி.பி. கொள்ளக்கூடிய ஒரு சிறு சில்லு. அதை நடத்துகிற இன்னொரு சில்லுக்கு, கம்ப்யூட்டர் கேட்டால் '2,000 ஜி.பி.' என்று பொய் சொல்லும்படி சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். செருகினவுடன் திரையிலும் 2 டி.பி. என்றே தெரியும். முதலில் நூறு போட்டோ போட்டால் ஒழுங்காய் ஏறும், ஒழுங்காய்த் திறக்கும். வாங்கினவர் சந்தோஷப்பட்டு அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார். உண்மையான இடம் நிரம்பின பிறகு போடுகிறதெல்லாம் பழையதன் மேலேயே எழுதப்பட்டு அழிகிறது, அல்லது எங்குமே எழுதப்படாமல் போகிறது. பெயர் மாத்திரம் பட்டியலில் நிற்கும்; திறந்தால் ஒன்றுமிராது. மகள் கல்யாணப் படங்களை எல்லாம் அதில் போட்டு வைத்தவருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் சங்கதி தெரியும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு போய்விட்டது. நட்சத்திரம் போட்ட ஆயிரம் பேரும் யோக்கியர்களாகவே இருக்கலாம். ஆனால் ஒருவராவது அதை நிரப்பிப் பார்க்கவில்லை. முழுவதும் நிரப்பி, மறுபடியும் திறந்து படித்துப் பார்ப்பது ஒன்றே அதற்குச் சோதனை. அதற்கென்று இலவசச் சாதனங்களே இருக்கின்றன.

இவர்கள் அறியாமல் எழுதினவர்கள். கூலிக்கு எழுதுகிறவர்கள் இன்னொரு கூட்டம். பார்சலுக்குள் ஒரு சீட்டை வைத்து, "ஐந்து நட்சத்திரம் போட்டுப் படம் அனுப்பினால் 100 ரூபாய் திருப்பித் தருகிறோம்" என்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்று ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டு, விலைக்கு வாங்கின மதிப்புரைகளை வெளியிடக் கூடாது என்று சொல்லிற்று. ஆனால் வெளியிட்ட காலத்தில் அது கட்டாயமாக்கப்படவில்லை. விருப்பமுள்ளவன் திருடாமலிருக்கலாம் என்பது போன்ற விதி அது!

மூன்றாவது தந்திரம் எல்லாவற்றிலும் நயமானது. நன்றாய் விற்ற பழைய சரக்கின் மதிப்புரைகளைப் புதுச் சரக்கின் தலையில் சூட்டிவிடுவது. அமெரிக்காவில் 'தி பௌன்டிபுல் கம்பெனி' என்ற வைட்டமின் மாத்திரை கம்பெனி, வேறு வேறு மாத்திரைகளை ஒரே சரக்கின் வகைகள் போலக் காட்டி, பழையதின் நட்சத்திரங்களைப் புதியதற்கு வாங்கிக் கொடுத்தது. அதற்காக 2023-ல் அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்தக் கம்பெனியை 6 லட்சம் டாலர் கட்ட வைத்தது. ஆகையால் மதிப்புரையைப் படிக்கிறவர்கள் அது நம் சரக்கைப் பற்றித்தானா என்று பாருங்கள். மிக்சியின் பக்கத்தில் "கலர் போகவில்லை, தையல் நன்று" என்று யாராவது எழுதியிருந்தால் அங்கே நிற்காதீர்கள். ஒன்றும் இரண்டும் நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதையும், வாங்கினவர்கள் தாங்களே எடுத்துப் போட்ட படங்களையும் முதலில் பாருங்கள்.

"2 மாத்திரம் பாக்கி", "இன்னும் 9 நிமிஷத்தில் சலுகை முடியும்" என்று அவசரப்படுத்துவது, நாம் கேட்காத சாமானைக் கூடையில் தானாகவே சேர்த்துவிடுவது, கடைசிப் பக்கத்தில் புதிது புதிதாய்க் கட்டணம் முளைப்பது முதலிய 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. அவற்றை இங்கே விவரிக்கத் தேவையில்லை. அவசரப்படுத்துகிறவனிடம் நாளைக்கு வாங்கலாம் என்று வைத்தாலே பாதித் தந்திரம் படுத்துவிடும்.

நிற்க. இந்தச் சந்தையை நடத்துகிறவன் என்ன சொல்லுகிறான்? "விற்கிறவன் யாரோ, வாங்குகிறவன் யாரோ, நான் நடுவில் தெருவை மாத்திரம் போட்டுக் கொடுத்தேன்" என்கிறான். தெருவைப் போட்டவன் ஒவ்வொரு விற்பனைக்கும் தரகு வாங்குவானா? பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற சர்க்கார் உத்தரவு 2021 பிப்ரவரி முதல் அமுலில் இருக்கிறது. அதற்குப் பிறகும் விதிக்கு ஒவ்வாத குக்கர்கள் 2,265 அமேசான் மூலமாக விற்கப்பட்டன. குக்கர் என்பது பெண்களுடைய முகத்துக்கு நேரே அடுப்பில் கொதிக்கிற சாமான் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் அந்த ஆணையம், வாங்கின அத்தனை பேருக்கும் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, 1 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. அந்த விற்பனையில் அமேசானுக்குக் கிடைத்த தரகு 6,14,825 ரூபாய் என்று அந்த உத்தரவிலேயே கண்டிருக்கிறது. அந்நிறுவனம் அதை எதிர்த்து டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. தரகு ஆறு லட்சம், அபராதம் ஒரு லட்சம் என்றால், இது தண்டனையா, அல்லது தரகில் ஒரு பங்கா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இன்னொரு வேடிக்கை. அயோத்தியில் ராமர் கோயில் பிரதிஷ்டை 2024 ஜனவரி 22-ந் தேதி நடந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே, 19-ந் தேதி, 'ஸ்ரீராமர் கோயில் அயோத்திப் பிரசாதம்' என்ற பெயரில் சாதாரண லட்டும் பேடாவும் விற்கப்படுவதாக வியாபாரிகள் சங்கம் ஒன்று கொடுத்த புகாரின் பேரில் ஆணையம் அமேசானுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கோயில் திறக்கும் முன்பே கோயில் பிரசாதம் பார்சலில் புறப்பட்டுவிட்டது! நம்மைப் பொறுத்தவரை லட்டு லட்டுதான். நெய்யும் சர்க்கரையும் மாவும் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் மாறப் போவதில்லை. ஆனால் அந்த ஊரிலிருந்து வந்தது என்று நம்பி ஒரு ஏழைப் பக்தன் காசு கொடுத்தானே, அவனுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவன் பக்தியை நாம் ஒப்புக் கொள்ளாவிட்டாலும், அவன் காசைத் திருடுவதையும் நாம் ஒப்புக் கொள்ள முடியாது. அவன் புகார் எழுத வந்தால் நாமே எழுதிக் கொடுப்போம்.

ஏமாந்த பிறகு நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? "போனால் போகிறது 400 ரூபாய், நம் தலையெழுத்து" என்று அதைப் பரண் மேல் போட்டுவிடுகிறார்கள். இந்தத் தலையெழுத்தை நம்பித்தான் அவன் கடையே நடத்துகிறான். பதினாயிரம் பேர் ஆளுக்கு 400 ரூபாயைத் தலையெழுத்து என்று விட்டால் அவனுக்கு 40 லட்சம் சேருகிறது. பதினாயிரம் பேரில் ஆயிரம் பேர் புகார் செய்தாலும் அந்தக் கடை நிற்காது.

சட்டம் நம் பக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது. 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத சரக்கையோ, பழுதான சரக்கையோ, போலிச் சரக்கையோ திருப்பி வாங்க மாட்டேன் என்று விற்பவன் சொல்ல முடியாது. விற்கிறவனுடைய பெயர், விலாசம் முதலியவற்றைச் சந்தைக்காரன் காட்ட வேண்டும். குறை கேட்கும் அதிகாரி ஒருவரை வைக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக் கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். அதிலும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, விற்றவன் டில்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற ஊர் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான சரக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. பணம் கட்டும் முன்பே அந்தச் சரக்கின் பக்கம் முழுவதையும், கீழ்வரியும் விற்பவன் பெயரும் தெரியும்படி, செல்போனிலேயே படம் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். புகார் போனவுடன் எழுத்தை மாற்றி வைக்கிறவர்கள் உண்டு. பார்சல் வந்தால் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, பிரிக்கிற வரைக்கும் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பில்லைக் கிழித்துப் போடாதீர்கள்.

நாம் சொன்னதில் சந்தேகமுள்ளவர்கள் வழக்கம் போலச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். இப்போது ஏதாவது வாங்க நினைத்திருக்கிற தோழர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து செல்போனையே இங்கே கொண்டு வாருங்கள். எல்லோர் முன்னிலையிலும் கீழ்வரியைப் படித்துப் பார்க்கலாம்.