புலிக்கு ஒரு படம்

பேராக்கின் கம்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் போன பெரியவர்களிடம் ஆளுக்கொரு புலிக்கதை இருக்கும், படம் இருக்காது. இன்றைக்கு மலேசியக் காடுகளில் மிஞ்சிய புலிகளே 150-க்கும் குறைவு.

நம் பேராக்கின் ராயல் பெலும் காட்டில், 2023 நவம்பரில், பிரெஞ்சுப் படக்கலைஞர் இமானுவல் ரோண்டோவுக்கு ஒரு புலிப்படம் சிக்கியது. கேமராவைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கவில்லை. புலி நடக்கும் தடத்தில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்திவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்.

புலிகளை எண்ணும் ஆய்வாளர்களோ தடத்தின் இருபுறமும் கேமராவை எதிரெதிரே கட்டுவார்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிட வாய்ப்புண்டு. மழைக்காட்டு ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். யானை வேறு வந்து பிடுங்கிப் போடும்!

படம் மங்கலா? வெளிச்சத்தைக் கூட்டலாம், இருண்ட பகுதியைக் கொஞ்சம் தூக்கலாம். ஏஐ செயலியிடம் 'தெளிவாக்கு' என்று கொடுப்பதுதான் வம்பு. இல்லாத வரியையும் அது வரைந்து தந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்ப அழகுதான், புலியை அடையாளம் காண உதவாது. எந்தத் திருத்தமானாலும் நகலில் செய்யுங்கள், அசல் கோப்பு அப்படியே இருக்கட்டும்.