கருகிய கருவியும் கருக்கிய காரணமும்



பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். அம்மணற்பரப்பில், வானொலி அலையால் இயங்கும் சிறு கார்களைச் சிறுவர் சிலர் மாலை வேளைகளில் ஓட்டி மகிழ்வதுண்டு. அவர்களுள் ஒருவன், விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகன், கருகிய நாற்றம் வீசும் சிறு பெட்டி ஒன்றை ஒருநாள் என்னிடம் கொண்டு வந்தான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் பொருத்திய புதிய வேகக் கட்டுப்படுத்தி அது. பத்து நிமிடங்கூட ஓடவில்லையாம். முன்பிருந்ததும் அவ்வாறே கருகியதாம். மூன்றாவது வாங்க வீட்டில் பணம் கேட்க அவனுக்குத் துணிவில்லை.

“விற்றவர் ஏமாற்றிவிட்டார், ஐயா” என்றான். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன்.

மின்கலத்திலிருந்து மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை இக்கருவி விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை இணைத்தும் துண்டித்தும் விடுகிறது. இணைந்திருக்கும் நேரம் மிகுந்தால் வேகம் கூடும். மின்சார ஸ்கூட்டரிலும் தத்துவம் இதுவே. இப்பணியைச் செய்வன மாஸ்பெட் எனப்படும் டிரான்சிஸ்டர்கள்.

மின்கலத்தையும் மோட்டாரையும் கழற்றிவிட்டு, கருவியின் மின்கலக் கம்பிக்கும் மோட்டார்க் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். தடை அநேகமாகச் சுழி என்று காட்டிற்று. டிரான்சிஸ்டர் பழுதாகி, துண்டிக்கவே இயலாதபடி இணைந்துவிட்டது என்பது அதன் பொருள். இந்நிலையில் மின்கலத்தை மீண்டும் பொருத்தலாகாது. லித்தியம் மின்கலம் குறுக்குச் சுற்றானால் தீப்பற்றக்கூடும்.

கருவி செத்தது உறுதி. கொன்றது எது? விடை சொன்னவர் பையனின் தந்தை.

“தறி சிக்கி மோட்டார் சுழலாமல் உறுமினால் உடனே நிறுத்திவிடுவோம் ஐயா; விட்டால் காயில் கருகிவிடும்” என்றவர், காரின் சக்கரத்தை விரலால் உருட்டினார். அது அரைவட்டம் வந்து இறுகி நின்றது. பல்சக்கரப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஆற்றுமணல். பல்லிடுக்கில் ஒரு பொடிக்கல்!

சுழலும் மோட்டார் தன்னுள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, வரும் மின்னோட்டத்தை அடக்கிக்கொள்கிறது. சுழற்சி நின்றால் அவ்வெதிர்ப்பு மறைந்து, சுருளின் தடை ஒன்றே எஞ்சும். அது 0.1 ஓம் எனக் கொள்ளுங்கள், 7.4 வோல்ட் மின்கலம் 74 ஆம்பியர் வரை செலுத்த முற்படும். வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்பதை ஜூல் 1841-இல் வெளியிட்டார். மின்னோட்டம் 4 மடங்கானால் வெப்பம் 16 மடங்கு. சிறு டிரான்சிஸ்டர் எவ்வாறு தாங்கும்? இக்கணக்கைப் பல்லாண்டு கரும்பலகையில் எழுதிய எனக்கு, சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மோட்டாரின் சுருளையும் அளந்து பார்த்தோம்; நல்லவேளை, அது பிழைத்திருந்தது. மணலைத் துடைத்து, பற்களுக்கிடையே ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டுச் சக்கரங்களைப் பொருத்தினோம். மூன்றாவது கருவியைத் தந்தையே வாங்கித் தந்தார். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, மின்கலத்தைக் கழற்றிவிட்டுப் பையன் அதைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்புதான். மறுபடியும் ஓட்டினான்.