இலாசர் தந்த சோறு



லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்துச் செல்வர் இலாசரை அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. வாசலில் கிடந்தவரைப் பார்க்காமலே தினமும் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

சென்னை விமான நிலையத்தில் வங்கி அட்டையைத் தேய்த்து, 2 ரூபாய்க்கு லவுஞ்சுக்குள் போனேன். இட்லி, பிரியாணி, கேக், இரண்டு காபி. காசில்லை என்றால் பசியில்லாமலே தட்டு நிறைகிறது, குருவானவர் தட்டும்தான். பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வெளியே நாற்காலியில் எங்கள் தரங்கம்பாடித் தம்பி ஒருவர். மும்பை வழியாகக் குவைத்துக்கு வேலைக்குப் போகிறார். மடியில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு, நெத்திலிக் கருவாடு. “சாமி, சாப்பிட்டீங்களா?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் இலையைக் கிழித்துப் பாதியை வைத்து நீட்டினார்.

சாப்பிட்டாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். அடுத்த வீட்டுச் சோறு அவருக்கு இரண்டு வருடம் கழித்துத்தானாம்.