அக்குள் முடிச்சை எடுக்கத்தான் வேண்டுமா?

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அங்கே வீங்குவதுதான் நிணநீர் முடிச்சு. உடம்பில் ஊறி வடியும் நீரை வடிகட்டிக் கிருமிகளைத் தடுப்பது அதன் வேலை. அக்குளிலும் இத்தகைய முடிச்சுகள் உண்டு. மார்பிலிருந்து வடியும் நீர் பெரும்பாலும் அங்கேதான் செல்கிறது. ஆகவே, மார்பகப் புற்றுநோய் பரவத் தொடங்கியதா என்பதை அறிய டாக்டர்கள் முதலில் அக்குளைப் பார்க்கிறார்கள்.

முன்காலத்தில் நிலைமை வேறு. அமெரிக்க டாக்டர் ஹால்ஸ்டெட் 1890களில் பரப்பிய முறைப்படி மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குள் முடிச்சுகள் யாவும் ஒருங்கே நீக்கப்பட்டன. முடிச்சுகள் போனபின் நீர் வடிய வழியின்றிப் பலருக்குக் கை வீங்கியது. கான் அடைபட்டால் தோட்டத்தில் நீர் தேங்குவதைப் போன்றதே இது. வாளி தூக்கவும் புல் வெட்டவும் கையை நம்பி வாழும் பெண்ணுக்கு இது சிறு துன்பமா?

1990களில் நல்ல மாற்றம் வந்தது. மார்பில் நீலச் சாயமோ சிறிதளவு கதிரியக்க மருந்தோ செலுத்தினால், அது முதலில் சென்று சேரும் முடிச்சு எது என்று தெரியும். தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவைப் போன்றது அது. அதை மட்டும் எடுத்துச் சோதித்து, நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடுவார்கள். இதில் கைவீக்கம் குறைவு. ஆனால் அறவே இல்லையென்று சொல்ல முடியாது.

அப்படியானால் அந்த ஒரு முடிச்சையாவது எல்லோருக்கும் எடுக்க வேண்டுமா? இத்தாலியில் தொடங்கிய ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியும், ஸ்கேனில் குறையில்லாத அக்குளும் உடைய சுமார் 1,400 பெண்கள் அதில் இருந்தனர். ஐந்தாண்டுக்குப் பின், முடிச்சை எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் 100க்கு ஏறத்தாழ 98 பேர் நோய் வேறிடத்துக்குப் பரவாமல் இருந்தனர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த பெரிய ஆய்வு 2024 டிசம்பரில் இதையே உறுதிப்படுத்தியது. அதில் கைவீக்கம் கண்டவர்கள், முடிச்சை எடுத்தவர்களில் 100க்கு 6 பேர். எடுக்காதவர்களில் 2 பேர்.

இதைக் கேட்டு, "சோதனையே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2025இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வகுத்த வரம்பைக் கவனியுங்கள். வயது 50க்கு மேல். மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும். கட்டி 2 சென்டிமீட்டருக்குள். வேகமாக வளராத வகை. ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படும் வகை. அக்குள் ஸ்கேன் சுத்தம். மார்பை முழுதாக எடுக்காத சிகிச்சை. இவையெல்லாம் பொருந்தினால்தான் விட்டுவிடுவது பற்றிப் பேசலாம். இளம் வயதினருக்கும் கடுமையான வகை நோயாளிகளுக்கும் எந்த மருந்து கொடுப்பது என்பதை அந்த முடிச்சே சொல்லக்கூடும்.

ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற புக்கிட் பாஞ்சாங்கில், இன்று அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் எனக்குண்டு. வயது 63. இளமையில் ஜொகூரில் பால்மரம் வெட்டியவர். கட்டி சிறியது, ஸ்கேனும் சுத்தம். "எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், டாக்டர்" என்றான் மகன். அவரோ, "இரு தம்பி, உடம்பு என்னுடையது. எடுத்தால் என் மருந்து மாறுமா, டாக்டர்?" என்று கேட்டார். "மாறாதும்மா" என்றார் டாக்டர். அதன்பின் முடிச்சை எடுக்க வேண்டாமென்று இருவரும் சேர்ந்தே தீர்மானித்தார்கள். கதிர் சிகிச்சையையும் மாத்திரையையும் அவர் விடவில்லை.

நேயர்களே, அந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். என் கட்டியின் அளவு என்ன? எந்த வகை? அக்குளை ஸ்கேன் செய்தாயிற்றா? முடிச்சின் முடிவால் சிகிச்சை மாறுமா? இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு, வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டவர்களுக்குத்தான் இப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. சிங்கப்பூரில் 2002 முதல் மார்பகப் பரிசோதனைத் திட்டம் நடக்கிறது. 50 வயதைக் கடந்தவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்பகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். புக்கிட் பாஞ்சாங்கிலேயே 2021 முதல் பலதுறை மருந்தகம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். தோட்டத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த வாரமே காட்டுங்கள்.