எண்ணெய் வித்தும் இரண்டு தீவுகளும்
(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



எண்ணெய் ஆலையில் வேலை செய்வோரும் கடலை பிடுங்கப் போவோரும் இங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே, நம் கைக்குப் பழகிய எண்ணெய் வித்தை வைத்தே உலக வியாபாரத்தைப் பார்ப்போம். பிரிட்டன், ஜப்பான் ஆகிய இரு தீவு தேசங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் இயந்திரத் தொழிலில் வளர்ந்தவை. இரண்டுக்கும் சொந்த மண்ணில் விளையும் வித்து போதாது. எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? எப்படிக் கொண்டுவந்தார்கள்?

முதலில் பிரிட்டன். 1807ல் அடிமை வியாபாரத்தைப் பிரிட்டிஷ் சட்டம் தடை செய்தது. மனிதர்களைக் கப்பலேற்றிப் பழகிய லிவர்ப்பூல் வியாபாரிகள், அதே மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பாமாயிலை ஏற்றத் தொடங்கினார்கள். சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் அந்த எண்ணெய் போயிற்று. ஹல் துறைமுகத்து ஆலைகள் ருஷ்யாவின் ஆளிவிதையையும் நம் இந்தியாவின் ஆளிவிதையையும் ஆட்டின.

விளைவித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1929ல் பிரிட்டனின் லீவர் கம்பெனியும் ஹாலந்தின் மார்கரின் கம்பெனியும் இணைந்து யூனிலீவர் என்ற ராட்சதக் கம்பெனியை உண்டாக்க ஒப்பந்தம் செய்தன. அதே ஆண்டின் கடைசியில் நைஜீரியாவின் தென்கிழக்கில் பாமாயில் விலை சரிந்து கிடந்தது. ஆண்களுக்கு ஏற்கனவே வரி. பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற செய்தி பரவியது. எண்ணெய் எடுத்து விற்றுப் பிழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். காலனி சர்க்கார் துப்பாக்கியால் பதில் சொன்னது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் மாண்டார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பிரிட்டனில் எண்ணெய், கொழுப்புப் பஞ்சம். தாங்கனிக்காவில், அதாவது இன்றைய தான்சானியாவில், 32 லட்சம் ஏக்கரில் நிலக்கடலை போட 1946ல் திட்டம் போட்டார்கள். இறுகிய மண்ணில் இயந்திரங்கள் உடைந்தன. மழை பொய்த்தது. சுமார் 3 கோடி 60 லட்சம் பவுன் மண்ணோடு போயிற்று. 1951ல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இனி ஜப்பான். 1905ல் ருஷ்யாவை வென்ற ஜப்பான், தெற்கு மஞ்சூரியாவின் ரயில் பாதையைக் கைப்பற்றியது. 1906ல் அதற்கென்று ஒரு கம்பெனி அமைத்தது. மஞ்சூரியாவின் சோயா மொச்சை டைரன் துறைமுகத்துக்கு வந்தது. பிண்ணாக்கு ஜப்பானிய வயல்களுக்கு உரமாகப் போயிற்று. 1908ல் மிட்சுயி கம்பெனி அந்தச் சோயாவைப் பிரிட்டனுக்கே விற்றது! 1931ல் ராணுவம் மஞ்சூரியா முழுவதையும் விழுங்கத் தொடங்கியது. 1945ல் தோற்றபோது அந்த வழி அடைபட்டது.

அதன் பிறகு துப்பாக்கியின் இடத்தில் டாலர் வந்து உட்கார்ந்தது. 1961ல் சோயா இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டை ஜப்பான் நீக்கியது. அமெரிக்கச் சோயா குவிந்தது. 1960ல் தன் தேவையில் நூற்றுக்கு 28 பங்கு சோயாவை விளைவித்த தேசம், இன்று 6, 7 பங்கோடு நிற்கிறது. கடுகின வித்தின் கதையும் இதுவே. 1950களில் இரண்டரை லட்சம் ஹெக்டேரில் பயிரான அது, இப்போது இரண்டாயிரம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கனடாவின் கப்பல்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன.

1973ஆம் ஆண்டைக் கவனியுங்கள். அவ்வாண்டு ஜூன் 27ல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் சோயா ஏற்றுமதியை நிறுத்தினார். சில வாரங்களில் தடை தளர்ந்தது. ஆனால் ஜப்பான் நடுங்கிப்போயிற்று. ஒரே கடையில் கணக்கு வைத்தவன் பாடு அது. உடனே வேறு கடை தேடியது. 1979 முதல் 2001 வரை பிரேசிலின் செராடோ புல்வெளியைச் சோயா வயலாக்கும் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது.

அதே 1973 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. சந்தையின் மானியத்தால் சொந்த மண்ணிலேயே கடுகின வித்து பெருகியது. 2011ல் சுமார் 27 லட்சம் டன் விளைந்தது. 2013க்குப் பின் பூச்சிமருந்துத் தடையும் வண்டுத் தொல்லையும் சேர்ந்துகொண்டன. 2020ல் விளைச்சல் 10 லட்சம் டன்னளவுக்கு இறங்கியது. மறுபடியும் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வித்தியாசம் ஆலைத் தொழிலாளிக்கு முக்கியம். ஜப்பான் சோயா வித்துக்கு இறக்குமதி வரி போடுவதில்லை; சோயா எண்ணெய்க்குப் போடுகிறது. ஆகவே வித்தாக வருகிறது, ஜப்பானிய ஆலையில் ஆட்டப்படுகிறது. வேலையும் பிண்ணாக்கும் அங்கேயே தங்குகின்றன. பிரிட்டனோ சோயாவைப் பெரும்பாலும் பிண்ணாக்காகவே வாங்கிக் கால்நடைக்குப் போடுகிறது. ஆட்டும் வேலை வேறு தேசத்தில் முடிந்துவிடுகிறது.

ஆகவே, தோழர்களே, "எத்தனை டன் இறக்குமதி?" என்ற எண்ணிக்கையோடு நாம் நிற்கக்கூடாது. வித்தாக வருகிறதா, எண்ணெயாக வருகிறதா? எத்தனை பேரிடம் வாங்குகிறோம்? உள்ளூர் உழவனுக்குக் கட்டுபடியாகும் விலை உண்டா? அந்தக் கரையில் விளைவிப்பவனுக்குக் கூலி என்ன? இந்த நான்கு கேள்விகளையும் கேட்டால், நாம் ஊற்றும் ஒரு கரண்டி எண்ணெயிலும் உலகத்தின் கணக்கு தெரியும். ஆலையில் நிற்பவரும் வயலில் நிற்பவரும் சேர்ந்து கேட்டால்தான் பதில் வரும்.