கல்லும் வழக்கும் காத்த வரலாறு

(பங்கு ஜூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நாட்டின் பாரம்பரியம் என்றவுடன் நம்மில் பலருக்குத் தாஜ்மகாலும் மாமல்லபுரமும் நினைவுக்கு வருகின்றன. விடுமுறை வந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வருகிறோம். நல்லதுதான். ஆனால் நாம் குடியிருக்கும் திருவண்ணாமலையை அப்படி ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறோமா?

அண்ணாமலையார் கோயிலின் ராஜகோபுரம் 217 அடி உயரம், 11 நிலைகள். கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அந்தப் பணியைத் தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்தார். சோழர் காலம் முதல் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அக்கோயிலில் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவற்றை ஆராய்ந்து, 1990இல் நூலாக வெளியிட்டது.

உள்ளே வல்லாள மகாராஜன் கோபுரம் என்று ஒன்று உண்டு. அந்த வல்லாளன் யார்? போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன். 1311இல் மாலிக் காபூரின் படை அவனுடைய தலைநகரான துவாரசமுத்திரத்தைத் தாக்கியது. பின்னாளில் அவன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டான். மதுரை சுல்தானோடு நடந்த போரில், 1342ஆம் ஆண்டு வாக்கில் உயிர் நீத்தான்.

பிள்ளையில்லாத அவனுக்கு இறைவனே மகனானார் என்பது இவ்வூர் நம்பிக்கை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, ஆற்றங்கரையில் அவனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு நடைபெறுகிறது. ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஒரு மன்னனை இன்றும் ஒரு கிராமம் மறக்கவில்லை! அவன் பெயரைக் கோபுரம் தாங்கி நிற்கிறது. அவன் நினைவை வழக்கம் சுமந்து வருகிறது.

கார்த்திகைத் தீபமும் அப்படியே. 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் அதை விடாமல் செய்து வருகிறார்கள்.

2002இல் மத்திய தொல்லியல் துறை இக்கோயிலைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தபோது ஊரே எதிர்த்தது. வழக்கும் நடந்தது. முடிவில் கோயில் அறநிலையத் துறையிடமே நின்றது. கோயில் வெறும் நினைவுச் சின்னமா, அல்லது மக்கள் வாழ்வின் ஒரு பகுதியா? அன்று எழுந்த கேள்வி இதுதான்.

பெரிய கோயிலுக்குக் குரல் கொடுக்க ஓர் ஊரே இருக்கிறது. வயல் ஓரத்துக் கல்லுக்கு யார் இருக்கிறார்கள்?

செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உண்டு. ஆநிரை காக்கும் சண்டையிலே மாண்ட வீரர்களுக்காக நட்டவை அவற்றில் பல. தமிழக அரசின் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை வெளியிட்டது. எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மன் காலத்தது. மாண்ட வீரனோடு, இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நன்றி மறவாத மனிதர்கள் அல்லவா அந்தக் கல்லை நட்டார்கள்?

இப்பகுதியில் நடுகற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். அதில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாத போதும், பொங்கலிட்டுக் கல்லைக் காத்தவர்கள் அவர்களே. அதே சமயம், பக்தியோடு பூசும் பெயின்ட் எழுத்தை மறைத்துவிடும் என்பதையும் நாம் பணிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும். கும்பிடும் கையும் வேண்டும். வாசிக்கும் கண்ணும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று போதாது.

ஆகவே இளைஞர்களே, இந்த ஜூபிலி ஆண்டில் நாம் மூன்று காரியங்கள் செய்வோம். நம் ஊர்ப்புறத்தில் எழுத்துள்ள கல்லைக் கண்டால் அசைக்காமல், தேய்க்காமல் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்போம். அந்தக் கல்லைப் பற்றி அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையை அவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்போம். நம் பங்கின் பழைய பதிவேடுகளையும் கல்லறைக் கற்களையும் கரையானுக்கும் மழைக்கும் விட்டுவிடாமல் காப்போம். தன் வீட்டு ஏட்டைக் காக்காதவன் நாட்டின் வரலாற்றைக் காக்கப் புறப்படுவது எப்படி?

ஒரு நாய் செய்த நன்மையைக்கூடக் கல்லில் எழுதிய மண் இது. அந்த மண்ணில் பிறந்த நாம் நம் முன்னோரை மறக்கலாகாது.