ஊசோன் பாலந்தையும் வாசகர் உள்ளமும்

ஒரு நூலுக்கு வரலாறு இரண்டு உண்டு. எழுதியவர் யார், அச்சேறிய ஆண்டு யாது என்பன ஒரு வரலாறு. படித்தவரும், பிறர் படிக்கக் கேட்டவரும் அதனை எவ்வாறு ஏற்றனர் என்பது மற்றொரு வரலாறு. முன்னையதை நூற்பட்டியல் சொல்லிவிடும். பின்னையதை அறிய, அம்மக்கள் வாழ்ந்த ஊர்களையும் அவர்கள் செவி பழகிய கதைகளையும் நாடவேண்டும். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் தோன்றிய 'ஊசோன் பாலந்தை கதை' இவ்விரு வரலாற்றுக்கும் உரிய நூலாகும்.

திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி எழுதிய இக்கதை 1891 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய அற்புதக் கதை ஒன்றின் தழுவல் இது. மூலக்கதை 1489 இல் பிரான்சின் லியோன் நகரில் அச்சேறியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கும் சென்றது. அங்கே ஓர்சன், வலன்ரைன் என்று பெயர் பெற்ற சகோதரரே தமிழில் ஊசோனும் பாலந்தையும் ஆயினர்.

மூலக்கதை கூறுவது இது. கொன்ஸ்தாந்திநோபிள் நகரத்துச் சக்கரவர்த்தியின் மனைவிமீது குரு ஒருவன் தகாத விருப்பங் கொள்கின்றான். அது நிறைவேறாமையால் அவள் கற்பின்மேற் பழி சுமத்துகின்றான். கருவுற்ற நிலையில் நாடு கடத்தப்பட்ட அரசி, காட்டிலே இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகின்றாள். ஒரு பிள்ளையைக் கரடி கவ்விச் செல்ல, தாய் அதன் பின்னே ஓடுகின்றாள். தனித்துக் கிடந்த மற்றப் பிள்ளையை அவ்வழி வந்த அரசன் எடுத்துச் செல்கின்றான். அவன் அப்பிள்ளையின் தாய்மாமன். அதனை அவன் அறியான். அரண்மனையில் வளர்ந்தவன் வீரனாகின்றான். கரடியிடம் வளர்ந்தவன் பேச்சறியாக் காட்டு மனிதனாகின்றான். இருவரும் பொருது, தோற்ற ஓர்சன் வென்றவனுக்குத் தோழனாகின்றான். ஈற்றில், பேசும் பித்தளைத் தலை ஒன்று அவர்கள் உடன்பிறந்தோர் என்னும் உண்மையை வெளியிடுகின்றது. ஓர்சனின் நாவின்கீழ் உள்ள நரம்பை அறுத்தாற் பேச்சு வரும் என்றும் அத்தலையே கூறுகின்றது. பறக்கும் மரக்குதிரையும் அரக்கரும் இடையிடையே வருகின்றனர். எனினும், தாயைப் பிரிந்த பிள்ளைகள் தம்மை இன்னார் என்று அறிந்து ஆளாவதே கதையின் உயிர்நாடி.

இத்தகைய கதையை ஏற்பதற்கு யாழ்ப்பாணத்து உள்ளம் எவ்வாறு பண்பட்டிருந்தது என்பதற்குப் பண்டத்தரிப்பும் அதன் அயலும் நல்ல உரைகல். வலிகாமத்தின் வடமேற்கிலுள்ள இவ்வூரில் 1820 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் வந்து பணி தொடங்கினார். மிஷன் பள்ளிக்கூடங்களும், மானிப்பாயில் இயங்கிய அச்சுக்கூடமும், 1841 இல் தோன்றிய 'உதயதாரகை'ப் பத்திரிகையும் இப்பகுதியில் ஒரு புதிய வாசகனை உருவாக்கின. அவன் கதையிலே போதனையைத் தேடினான். ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தழுவி 1856 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'காவலப்பன் கதை' அவனுக்கேற்ற நூல். கள்வரின் இச்சகப் பேச்சில் மயங்கிக் கதவைத் திறந்த காவற்காரனின் கதை அது. படித்து முடித்ததும் பாடம் கைக்கு வந்துவிடும். அத்தகைய வாசகனுக்குப் பேசும் தலையும் பறக்கும் குதிரையும் ஐயத்துக்குரியவை.

அதே நிலத்தில் வேறொரு வாசகனும் இருந்தான். அவன் கண்ணாற் படித்ததிலும் காதாற் படித்தது மிகுதி. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராணத்தை ஒருவர் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாய்த் தோன்றி, கார்த்திகைப் பெண்களிடம் வளர்ந்து, அன்னை அணைக்க ஒருருவாகித் தேவசேனாபதியான முருகன் கதையை அவன் ஆண்டுதோறும் கேட்டவன். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 'கந்தபுராண கலாசாரம்' என்று குறித்த வாழ்வு அது. அற்புதத்தை நம்புவதா, மறுப்பதா என்னும் வினா அவனுக்கு எழவில்லை. அதன் பயன் யாது என்பதே அவன் கேட்டுப் பழகிய வினா.

கத்தோலிக்க ஊர்களிலோ நாட்டுக்கூத்து இப்பணியைச் செய்தது. 'ஞானசௌந்தரி' கதையைக் கண்டவர்க்கு ஊசோனின் தாய் அந்நியப் பெண் அல்லள். கையிழந்த ஞானசௌந்தரியும் பொய்ப் பழியாலே துரத்தப்பட்டு, இரட்டைப் பிள்ளைகளோடு காட்டில் அலைகின்றாள். தேவமாதாவின் அருளால் இழந்த கைகளைப் பெறுகின்றாள். விடியும்வரை பாய் விரித்திருந்து அக்கதைக்குக் கண்ணீர் விட்டவர், பித்தளைத் தலை பேசிற்று என்றவுடன் புத்தகத்தை மூடிவிடுவாரா?

மூன்றாவது வாசகன் இருபதாம் நூற்றாண்டின் விமர்சகன். பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலையிற் பிறந்து, கவிஞராகவும் ஒலிபரப்பாளராகவும் புகழ்பெற்ற சில்லையூர் செல்வராசன், 1967 இல் 'ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி' என்னும் நூலை வெளியிட்டார். அதன் மறு ஆண்டில் பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' வெளிவந்தது. நாவல் என்பது கண்முன் உள்ள சமுதாயத்தின் வாழ்வைக் காட்டவேண்டும் என்னும் கொள்கை ஓங்கி நின்ற காலம் அது. அக்கொள்கையைக் கொண்டு அளந்தபோது ஊசோன் பாலந்தை குறுகிப் போயிற்று. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று அதனைக் குறித்தவரும் உண்டு. 1885 இல் வெளிவந்த சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' அதற்கு முந்தியது என்பதே இன்று நிலைபெற்ற முடிவு. முதன்மை பற்றிய வாதமும் வகை பற்றிய வாதமும் சேர்ந்து, கதையைக் கதையாகப் படிப்பதைப் பின்தள்ளிவிட்டன.

அவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். எகிப்தில் உயர்குடியிற் பிறந்த அசன், குழந்தைப் பருவத்திலே கவரப்பட்டுப் பம்பாயில் வளர்கின்றான். பல இடர்களைக் கடந்து தன் பிறப்பை அறிகின்றான். ஈழத்துத் தமிழ் நாவலின் முதல் இரு பிள்ளைகளும் தாய்மடியினின்று பறிக்கப்பட்டவர்கள். தாம் யார் என்று தேடி அலைந்தவர்கள். கதை நிகழும் களம் அந்நியம். அதன் ஏக்கம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் சொந்தம்.

அற்புதக் கதை வாழ்வை மறைத்துப் பொய்யின்பம் ஊட்டுகின்றது என்பது அதன்மீது சுமத்தப்படும் பெரிய குற்றச்சாட்டு. ஓர்சனின் கதையில் மாயம் செய்யும் வேலையைக் கருதவேண்டும். அது அவனுக்குப் பொன்னையோ நாட்டையோ வாரி வழங்கவில்லை. உடல்வலி அவனுக்கு முன்பே உண்டு. குறைவாயிருந்தவை உறவும் மொழியும். அவையிரண்டையும் பெற்றபோதே அவன் முழு மனிதனானான். வலன்ரைனுக்கோ மாயமும் துணை நிற்கவில்லை. போர்க்களத்தில் ஆள் அறியாது தந்தையையே கொன்றுவிட்ட அவன், அப்பழிக்கு நோன்பாகப் பேச்சை விடுத்து, தன் அரண்மனைப் படிக்கட்டின் கீழே எச்சில் உணவு உண்டு கிடந்து உயிர் துறக்கின்றான். ஒருவன் பேச்சைப் பெற்று ஆளாகின்றான். மற்றவன் பேச்சைத் துறந்து தூயவனாகின்றான். இதனைப் பொய்யின்பம் என்று ஒதுக்குதல் எளிதன்று.

ஒரு வாசகனின் உள்ளத்தில் இக்கதை விளைத்த மாறுதலை ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கின்ஸ் காட்டியுள்ளார். 1843 இல் அவர் எழுதிய நத்தார்க் கதையில் வரும் ஸ்குரூஜ், ஈரமற்ற உலோபி. தன் இளமைக்கால நிழலை அவன் மீளக் காண்கின்றான். விடுமுறையில் எல்லோரும் வீடு சென்றுவிட, பள்ளிக்கூடத்தில் தனித்திருந்து புத்தகம் படிக்கும் ஏழைச் சிறுவன் அவன். சாளரத்துக்கு வெளியே அலிபாபா வருகின்றான். வலன்ரைனும் அவனுடைய காட்டுச் சகோதரன் ஓர்சனும் வருகின்றனர். கிழவன் சிரித்து அழுகின்றான். அடுத்த கணமே, முதல்நாள் இரவு தன் வாயிலில் நின்று பாடிய சிறுவனுக்கு ஏதேனும் கொடுத்திருக்கலாமே என்று அவன் நெஞ்சம் இளகுகின்றது. அறிவுரை எதுவும் திறக்காத கதவைச் சிறுவயதிற் படித்த அற்புதக் கதை திறந்தது.

இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 1997 இல் தோன்றிய ஹரி பொட்டர் நாவல், பெற்றோரை இழந்த சிறுவன் மந்திரப் பள்ளியில் ஆளாகும் கதை. பிள்ளைகள் அந்நூல் வரிசையை விரும்பிப் படித்தனர். சூனியம் கற்பிக்கின்றது என்று பெற்றோர் பலர் அஞ்சினர். 2000 முதல் 2009 வரை அமெரிக்க நூலகங்களில் மிகுதியான எதிர்ப்புக்கு உள்ளான நூல்களின் பட்டியலில் அதுவே முதலிடம் பெற்றது என்று அந்நாட்டு நூலகச் சங்கம் கணித்தது. பண்டத்தரிப்பின் மிஷன் வாசகனும் புராண வாசகனும் உலகெங்கும் இன்னும் எதிரெதிரே நிற்கின்றனர்.

எதிர்ப்பினும் கொடியது இழப்பு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. பழைய ஈழத்து நூல்களில் ஒன்று எஞ்சியிருப்பினும் அதனைப் பேணும் கடமை அதனாற் பெருகிற்று. பேணுதல் என்பது அலுமாரியில் வைத்துப் பூட்டுதல் மட்டுமன்று. வகுப்பறையில் ஓர் ஆசிரியர் இக்கதையை உரக்கப் படிக்கட்டும். நாவலா, அன்றா என்னும் தீர்ப்பைப் பின்னர் வழங்கலாம். பித்தளைத் தலை வாய் திறக்கும் இடம் வரும்போது, பின்வரிசைப் பிள்ளையும் மூச்சடக்கி நிமிர்ந்து பார்க்குமாயின், இன்னாசித்தம்பியின் உழைப்புக்கு அதனினும் உயர்ந்த மதிப்புரை வேண்டுவதில்லை.